ஜீப்புக்கும் மூக்கு உண்டு

எங்க வீட்டுக்காரர் தவறி நாலு மாசம். அவிய ஓட்டின பழைய ஜீப்பில் பின்சக்கரம் பக்கம் ஆயில் ஒழுகிக்கிட்டே இருந்தது.

ராஜபாளையத்து மெக்கானிக், ஆக்சில்ல ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீலை ரெண்டு தடவை மாத்தியும் ஒழுகல் நிக்கலை. "பேசாம வித்துருங்கக்கா"ன்னார்.

இன்னைக்கு மூணாவது சீல் போடும்போது பக்கத்திலேயே நின்னேன்.

"தம்பி, மூக்கைப் பாத்தியளா?"

"ஜீப்புக்கு ஏதுக்கா மூக்கு?"ன்னு சிரிச்சார்.

எங்க வீட்டுக்காரர் அதை அப்படித்தான் சொல்லுவாவ. ஆக்சில் மேல காத்து வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். அது அடைச்சா உள்ள காத்து முட்டி, ஆயில் சீலைத் தாண்டி வந்துரும். கழத்திப் பாத்தா, எங்க கூமாப்பட்டி வயல் சேறு கட்டியா அடைச்சுக் கிடந்துச்சு. மெக்கானிக் சிரிக்கலை.

சுத்தம் பண்ணி மாட்டினதும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நானே ஓட்டிட்டு வந்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை.

நாலு மாசமா என் மூக்கையே சிந்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஜீப்புக்குச் சிந்திவிட்டாச்சு.

உங்க வண்டிக்கு மூக்கு எங்க இருக்குன்னு தெரியுமா?