டீ குடித்துவிட்டு அனுப்பச் சொன்ன செல்வி

செல்வி இறந்துவிட்டார். இன்று காலை, மாரடைப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் பார்த்ததிலிருந்து உட்கார முடியவில்லை... எழுந்து நடக்கிறேன், திரும்பவும் போனை எடுக்கிறேன்.

வேலந்தாவளம் பக்கம் ஓர் இளநீர் லோடிங் யார்டில் சில வருஷம் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் மேஜை. லாரி அனுப்புவது அவர், பில் போடுவது நான்.

காலையில் வந்ததும் உட்கார மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா நின்று யார்டைப் பார்ப்பார். "என்னங்கக்கா, தியானமா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"தியானமெல்லாம் இல்லீங்க. இன்னைக்கு எந்த வேலை நின்னா மத்ததெல்லாம் நிக்கும்னு பாக்கறன்."

அதை முதலில் முடிப்பார். மற்றது அப்புறம்தான், யார் கத்தினாலும். நானோ எல்லாவற்றையும் தொட்டு, எல்லாவற்றையும் பாதியில் விடுகிறவன்.

அவருக்கும் ரீல்ஸ் பைத்தியம் உண்டு. ஒருநாள் "மத்தியானம் வரைக்கும் வெச்சிருங்க" என்று தன் சொந்த போனை என் டிராயரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வந்து நின்றார். கொடுத்தேன்.

"கேட்டாக் குடுக்கறதுக்கா உங்ககிட்டக் குடுத்தன்?" வாங்கிக்கொண்டே திட்டினார்...

பிறகு அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். "ஆராச்சும் போன்ல திட்டி முடிச்ச உடனே, கை தானா ரீல்ஸுக்குப் போகுதுங்க."

அதிலிருந்து அப்படி ஒரு கால் வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவார். சில நாள் அப்படி அத்தனை கால், முகம் காயவே காயாது.

முதலாளி எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிய அன்று, வேலையை விடுவதாக வாட்ஸ்அப்பில் நீளமாக டைப் செய்தேன். செல்வி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, டீ குடிச்சுட்டு அனுப்புங்க."

"என்னைத் தடுக்காதீங்க செல்வி."

"தடுக்கலீங்க. கோவத்துல போறீங்களா, நெசமாவே போகோணுமான்னு பாத்துக்குங்கங்கறன்."

டீக்கடைக்கு அவரும் கூட வந்தார். குடித்து முடித்த பிறகும் எனக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. வசவை எல்லாம் அழித்துவிட்டு இரண்டே வரி அனுப்பினேன்.

"இப்பச் சரிங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் நான் கோவைக்கு வந்துவிட்டேன். பேச்சு குறைந்தது... பொங்கலுக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

இப்போது அவர் கணவரைக் கூப்பிட்டேன். பைக் சாவி கையிலேயே இருந்தது. என்ன பேசினேன் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியது.

"மெல்ல வாங்க. நீங்க வந்து பாக்காம எடுக்க மாட்டமுங்க" என்றார்.

வருகிறேன் செல்வி.