தண்டையலப்பாவின் பெயர்

புலம்பெயர்ந்து வந்து மல்கிரேவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், மேலாளர் அம்மையாரின் மேசைக்குப் பின்னால் ஒரு கப்பல் கப்டனின் படம் தொங்கியது. நீலக் கோட்டு, சிவந்த மூக்கு, கையில் தொலைநோக்கி. அமெரிக்கா இங்கிலாந்து அரசனுக்குக் கீழே இருந்த காலத்தில் அங்கே வாழ்ந்த மனிதர். அம்மையாரின் பூட்டனுக்கும் பூட்டன். கருவாடும் பலகையும் ஏற்றிக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், சீனியோடு திரும்பிவந்து பணக்காரரானவராம்.

அம்மையார் நல்லவர். நான் லீவு கேட்டு இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலைத் தேநீருக்குக் கூடினால் கப்டன் கதை தொடங்கிவிடும். அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்தத் துறைமுகத்தில் யாரைக் கட்டியது, எல்லாம் அம்மையாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு வயிறு எரியும். மழுப்புவானேன், பொறாமைதான். எங்கள் ஊர் வல்வெட்டித்துறை. என் அம்மாவின் பாட்டனாரும் பாய்க்கப்பல் ஓட்டியவர். சொந்தக் கப்பலில் ரங்கூனுக்குப் போய், தேக்கும் அரிசியும் கொண்டுவந்து விற்றவர். அவரை யார் சட்டம் போட்டு மாட்டினார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல், என் குடும்பத்திலும் ஒரு கப்டன் இருந்தார் என்று சொல்லிவிட்டேன். கேக் வெட்டிக்கொண்டிருந்த அம்மையார் கத்தியை வைத்துவிட்டு, உண்மையான சந்தோசத்தோடு, "அப்படியா! அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். என் வாயில் கேக். அதை விழுங்கும்போதுதான், அவர் பெயர் எனக்கே தெரியாது என்பது உறைத்தது. வீட்டில் எல்லோரும் அவரைத் தண்டையலப்பா என்றுதான் சொல்வோம். தண்டையல் என்றால் கப்பலை நடத்துபவர். அது தொழில், பெயரல்ல. சுற்றி நின்றவர்கள் மெல்ல வேறு கதைக்குப் போனார்கள். நான் புளுகுகிறேன் என்று நினைத்திருப்பார்களோ என்று அன்று முழுக்கக் குமைந்துகொண்டிருந்தேன்.

பிறப்புப் பத்திரம், காணி உறுதி என்று இருந்ததெல்லாம் ஊர் வீட்டோடு எரிந்துபோயிற்று. அம்மாவும் இல்லை. மிச்சமிருந்தது ஹோம்புஷில் மகனோடு இருக்கும் பெரியம்மா மட்டும்தான். சின்ன வயதில் தண்டையலப்பாவின் மடியில் இருந்தவர். பின்னேரமே போன் எடுத்தேன்.

"தண்டையலப்பாவின்ர பேர் என்ன, பெரியம்மா?"

"தண்டையலப்பாதான்."

"இல்லை, சொந்தப் பேர்."

"பெரியாக்களின்ர பேரை ஆரடா தம்பி சொல்லுறது? அம்மம்மா புருசன்ர பேரைச் சொல்லமாட்டா. அம்மா தேப்பன்ர பேரைச் சொல்லமாட்டா. நான் ஒருக்காக் கேட்டு, தொடையில நுள்ளு வாங்கினனான்."

"ஊர்ச்சனம்?"

"ஊரும் தண்டையல் எண்டுதான். ஒருத்தரும் மரியாதையில குறை வைக்கேல்லை." பெருமையாகவே சொன்னார். பிறகு என்மேல் இரங்கி, "கப்பலின்ர பேர் வேணுமெண்டாச் சொல்லுறன். மீனாட்சி. அது சாமிப் பேர்தானே, சொல்லலாம்" என்றார்.

அம்மையார் ஓய்வுபெற்றபோது படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். என் எரிச்சல் மட்டும் போகவில்லை. இத்தனை வருடமாக நான் வீட்டில் வந்து கொட்டியதில், அந்தக் கப்டனின் பரம்பரை முழுவதும் என் மனைவிக்கு மனப்பாடம். போன கிழமை அவள் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த அமெரிக்கக் கப்டன்ர பேர் ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன்.

மூன்று சொல்லில் நீண்டு கிடக்கும் அந்தப் பெயரை ஒரு பிசகில்லாமல் சொன்னாள்.

"இப்ப என்ர பேரை ஒருக்காச் சொல்லும்."

கலியாணமான நாளிலிருந்து அவள் வாயில் நான் 'இஞ்சாருங்கோ'தான். வெட்கத்தில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "விசரே உங்களுக்கு?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சும்மா, ஒருக்கா" என்றேன்.

அவள் அகப்பையால் வெங்காயத்தை இன்னும் வேகமாகக் கிளறினாள். என் வீட்டுக் குசினியில் அந்த வெள்ளைக்காரனுக்குப் பெயர் இருக்கிறது, எனக்கு இல்லை.