வைக்கோல் தட்டு

கண்ணாடி விளக்குக் கூடு செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பெட்டி கட்டுகிறவளை எல்லோரும் "பேக்கிங் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர் மட்டும், அவள் காதில் விழாதபடி, "அடங்காதவ" என்பார். இரண்டுமே அவளுக்குப் பொருந்தும்.

கூடுகள் உடையாமலிருக்கச் சுற்றிலும் தெர்மாகோல் வைப்பார்கள். வீணான துண்டுகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கொட்டுவார்கள். பின்னால்தான் அவள் வீடு. காற்றடித்தால் வெள்ளை மணிகள் ஈரத்துணியில் அப்பிக்கொள்ளும். மழை பெய்தால் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் அடுப்படிக்கே வந்துவிடும். மூன்றாவது முறையாக அரிசிப் பானை மிதந்தபோது அவள் பொறுமை போயே போயிற்று.

வைக்கோலை ஊறவைத்து அரைத்து, கஞ்சிப் பசை சேர்த்து, தெர்மாகோலுக்குப் பதிலாகக் கூடுகளைப் பதித்துவைக்க ஒரு தட்டு செய்து பார்த்தாள். மிக்ஸி புகைந்து உயிரை விட்டது.

"மிக்ஸி போச்சு. அடுத்தது நானா?" என்று சிரித்தான் ஃபிட்டர் வேலை பார்க்கும் கணவன். மறுநாளே இரும்பில் ஓர் அச்சு அடித்துக் கொடுத்தான். முதல் தட்டுகள் பூஞ்சை பிடித்தன. அடுத்தவை பிஸ்கட் மாதிரி நொறுங்கின. பசையைக் குறைத்து, இன்னும் இறுக்கி அழுத்தி, தொழிற்சாலைப் பாய்லர் சுவரோரம் நான்கு நாள் காயவைத்த பிறகுதான் தட்டு வழிக்கு வந்தது.

மேலாளர் அதை மோந்து பார்த்தார்.

"மாட்டுக்குப் போடுறதுல கண்ணாடிய வச்சு அனுப்பச் சொல்றியா? போய் வேலையப் பாரும்மா."

"சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

"ஒண்ணு உடைஞ்சாலும் இந்தப் பேச்சையே விட்டுடணும்."

"சரி. உடையலைன்னா நீங்க தெர்மாகோலை விட்டுடணும்."

மதியச் சாப்பாட்டு நேரம். மொத்தக் கூட்டமும் மாடிப்படிக்குக் கீழே கூடிவிட்டது. தெர்மாகோல் பெட்டி ஒன்று, வைக்கோல் தட்டுப் பெட்டி ஒன்று என இரண்டையும் மேலே கொண்டுபோனாள். மெல்ல உருட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் காலால் ஓங்கி உதைத்தாள். பெட்டிகள் இரண்டும் பதினெட்டுப் படியிலும் புரண்டு வந்து விழுந்தன. தெர்மாகோல் பெட்டியைப் பிரித்தால் பன்னிரண்டில் மூன்று தூள். மற்றதை மேலாளரையே பிரிக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அறைக்குக் கூப்பிட்டுத் தாளொன்றை நீட்டினார்.

"தட்டை வெளியில செய்யக் கொடுக்கப் போறோம். இது நிர்வாகம் கண்டுபிடிச்சதுன்னு ஒரு கையெழுத்து போடு."

நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, தாளை மேசையில் வைத்தாள்.

"அச்சு எங்க வீட்டுக்காரர் அடிச்சது. கலவை நான் போட்டது. தட்டை இங்கயே, எங்க செக்‌ஷன் பொம்பளைங்கதான் செய்யணும். அப்படி எழுதிட்டு வாங்க."

"எழுதலைன்னா?"

"எழுதுற வரைக்கும் கலவை எப்படின்னு என் வாயிலேர்ந்து வராது."

பதினோரு நாள் இழுத்தடித்தார். வேலையை விட்டு அனுப்புவேன் என்றும் மிரட்டினார். அவள் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் வேறு தாள் வந்தது.

இப்போது பாய்லர் பக்கத்துக் கொட்டகையில் ஒன்பது பெண்கள் தட்டு அழுத்துகிறார்கள். பெரிய கூடுகளுக்கு மட்டும் இன்னும் தெர்மாகோல்தான். "அந்த வளைவுக்கு வைக்கோல் ஆகாது" என்கிறார் மேலாளர். நேற்று அவள் அவரிடம் கேட்காமலேயே பெரிய கூடு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.