இனிக் கையைத் தூக்க வேண்டாம்

இத்தாலியில் நான் வேலைக்குச் சேர்ந்த வீட்டில், தினமும் காலையில் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டு “ரெஸ்தி?” என்று கேட்பார். நம் தேயிலைத் தோட்டத்தில் துரைசாணி என்பதுபோல, இங்கே பெரிய வீட்டு அம்மாவைச் சிஞ்ஞோரா என்கிறார்கள். வயதானவர், ஞாபகம் தவறிப்போனவர். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ‘ரெஸ்ட்’ எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, வேலைக்கு வந்தவளுக்கு என்ன ரெஸ்ட் என்று “நோ, நோ” என்பேன். அவர் அழத் தொடங்கிவிடுவார். பிறகு அவருடைய மகள்தான் விளக்கினார்: “என்னோடு இருப்பாயா?” என்று கேட்கிறாராம். அன்றிலிருந்து “ஸி, ரெஸ்தோ”, ஆமாம், இருப்பேன் என்று சொல்லப் பழகினேன். அவர் முகம் மலரும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கேள்வி.

இலங்கையில், மடுல்சீமையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்று இருக்கிறது. அம்மா இறந்தபின் அப்பா குடியை விட்டுவிட்டு, என்னையும் தங்கச்சி செல்வியையும் அங்கே கூட்டிப்போனார். ஆராதனை முடியும்போது போதகர், “இன்னைக்குச் செத்தா பரலோகம் போவோம்னு நிச்சயம் இல்லாதவங்க கையத் தூக்குங்க” என்பார். அப்பாவின் கை உயரும். பக்கத்தில் என் கையும். “அப்பனும் மகளும் வாரா வாரம் ரட்சிக்கப்படுறாங்க” என்று லயத்தில் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்த நிம்மதி, மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாய் தவறி விழுந்த ஒரு கெட்ட வார்த்தையோடு போய்விடும். கடல் கடந்தபோது அந்தப் பயமும் என்னோடுதான் வந்தது.

ஒரு நாள் காலை ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா கேட்டார், நான் பதில் சொன்னேன். ‘இந்த அம்மாவுக்கு மறந்துபோகிறது என்பதற்காக, நான் விட்டுவிட்டுப் போய்விடுவேனா? இருப்பேன் என்று சொன்னவள் நானல்லவா?’ என்று எனக்குள் நினைத்தேன். கத்தி அப்படியே நின்றது. நானும் ஆண்டவரிடம் வாரா வாரம் இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! என் நிச்சயம் என் கையில் இல்லை, அவர் தந்த வாக்கில் இருக்கிறது. அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். எதையும் கேட்காமல், வெறும் நன்றி மட்டும் சொல்லி ஜெபித்தது அன்றுதான்.

சில மாதத்தில் அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் விசா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது வராமல் நான் நகர முடியாது. புலம்பெயர்ந்தவர்களுக்கு அந்தத் தவிப்பைச் சொல்லவே வேண்டாம். செல்வி போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

“பயமா இருக்கு புள்ள. குடிச்சு உங்கம்மாவ அழ வச்சவன் நான். கடைசில ஆண்டவரு கதவச் சாத்திருவாரோ?”

சிஞ்ஞோராவின் கதையைச் சொன்னேன். “அவங்க மறந்தாலும் நான் இருக்கேன்லப்பா? சாதாரண மனுசி நானே சொன்ன சொல்லக் காப்பாத்துறேன். தன்கிட்ட வந்தவங்களத் தள்ளமாட்டேன்னு சொன்னவரு ஒங்களத் தள்ளுவாரா?”

அப்பா மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நா இனிமே கையத் தூக்க வேணாமா?”

“வேணாம்பா.”

அப்பா சிரித்தார். இருமலும் சிரிப்புமாக, செல்வி பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க, பக்கத்துக் கட்டில்காரரிடம், “நா போற எடம் எனக்குத் தெரிஞ்சிருச்சுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கத்தன்று செல்வி போனில் அழைத்தாள். “அக்கா, இங்க யாரும் ஓஞ்சு போயி நிக்கல. பாடிக்கிட்டுத்தான் தூக்கிட்டு வந்தோம். நீயும் பாடு.” நான் பால்கனியில் நின்று, கண்ணீர் வழிய, உரத்த குரலில் தமிழில் பாடினேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சிஞ்ஞோரா தடுமாறி வந்து என் தோளைப் பிடித்தார். “ஃபெஸ்தா?” திருவிழாவா என்று கேட்டார்.

“ஸி, சிஞ்ஞோரா. ஃபெஸ்தா.”

அவர் கைதட்டத் தொடங்கினார். ஒரு காதில் அந்தக் கைதட்டல். மறு காதில், போன் வழியே, தேயிலைச் சரிவில் மண்வெட்டிகள் ஈரமண்ணை அள்ளிப்போடும் சத்தம்.