குழாய் ஓடும் வரை

மடுல்சீமை ஏற்றத்தில் பஸ் சூடேறி நிற்கிறது. டிரைவர் தண்ணீர் வாளியோடு இறங்குகிறார். நானும் இறங்கி நிற்கிறேன். வளைவிலுள்ள தேநீர்க்கடையிலிருந்து கரண்ட் வயர் இழுத்து, ரோட்டோரத்தில் ஒரு ராக் பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு. வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சுகிற பாட்டு. இவர்களுடைய கிட்டார் அந்தக் கெஞ்சலைக் கத்தலாக்குகிறது.

பாடுகிறவனுக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன். கிட்டார் தனியாக ஓடும்போது என் பக்கம் வருகிறான்.

"ஏன் ரோட்டுல நின்னு பாடுறீங்க?"

"தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் இல்லண்ணே, இந்த வளைவுலதான் எடுக்கும். சம்சாரம் லைன்ல இருக்கு. குவைத்துல வீட்டு வேல. பாத்திரம் கழுவுறப்ப போனை ஒளிச்சு வச்சுக்கிட்டுக் கேப்பா. பேச ஏலாது."

"அப்ப காதுல என்ன கேக்குது?"

"குழாத்தண்ணி ஓடுற சத்தந்தான்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் புரியுமா?"

"புரியாது. அதனாலதான் இந்தப் பாட்டு. தமிழ்ல வான்னு பாடுனா அழுதுருவா. அழுதா மேடம் என்னான்னு கேப்பாங்க."

ஓடிப்போய் மைக்கைப் பிடிக்கிறான். டிரைவர் ஹாரன் அடிக்க, நான் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். முடிய வேண்டிய பாட்டு முடியாமல், அதே கடைசி வரி திரும்பத் திரும்ப வருகிறது. பஸ் நகரும்போது, பாதி வார்த்தையில் அவன் கையைத் தூக்குகிறான். கிட்டாரும் டிரம்ஸும் பழகினதுபோல் சட்டென்று நிற்கின்றன.

"குழாய மூடிட்டா" என்கிறான் மற்றவர்களிடம்.

இயர்போனை மட்டும் அவன் கழற்றவில்லை.