மாலை ரயிலில் பழகிய நுழைவுத் தேர்வு

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றது அறிவுக் குறைவால் அல்ல, நேரக் குறைவால். தோற்றவர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஐந்து பேர் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், முதலாமவர் பக்கத்தில் இரண்டாமவர் உட்காரமாட்டார், நடுவில் இருப்பவர் யார் என்று கேட்டால், இவர்களுக்குள் அப்படி என்ன சண்டை என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் தாளைத் திருப்பியிருப்பார்.

மூன்றாவது விண்ணப்பத்தை நிரப்பியபோது மனைவி தீர்ப்பை எழுதிவிட்டாள். "இதுதாங்க கடைசி. நாப்பத்தாறு வயசுல வருசா வருசம் ஃபெயிலாகுறது ஒங்களுக்குப் பழகிப்போச்சு. கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றது நான்."

ஆகவே நேரத்தைப் பழக்குவதென்று முடிவெடுத்தேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நானுஓயாவில், வீடு ஹட்டனில். மாலை ரயிலின் பயணத்துக்கு அட்டவணை தரும் நேரமும் தேர்வுத்தாளின் நேரமும் ஏறக்குறைய ஒன்று. கடிகாரம் பதற்றம் தரும் என்று அதைப் பைக்குள் போட்டேன். ரயில் புறப்பட்டதும் முதல் கேள்வி, வட்டகொடையில் பாதி, ஹட்டனில் கடைசி. வட்டகொடையில் ரயில் நின்று ஓசை அடங்கும்போது மனம் என்னமாய்க் குவிந்தது!

எதிரே லீக்ஸ் காய்கறி மூட்டையோடு வரும் வியாபாரி அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்னா சேர், புள்ளைக்குப் பரீட்சையா?"

"எனக்குத்தாம்மா."

"ஐயோ பாவம். வாசிங்க, கேப்போம்."

ஐந்து பேர் கணக்கை வாசித்தேன்.

"இந்தக் கோச்சி சீட்டுல அஞ்சு பேரு எப்பிடி சேர் ஒக்காருவாங்க? ஒருத்தன எழுப்பிட்டு மறுபடி கேளுங்க."

சட்டம் படிக்க வேண்டியவர் அவர்தான். இருந்தாலும் மூன்றாவது மாதத்தில், ரயில் கொட்டகலையைத் தாண்டும்போதே தாளை முடித்துவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தேன்.

தேர்வு மண்டபத்தில் என்னைப் போல நிம்மதியாக யாரும் இல்லை. சுற்றிலும் இளவட்டங்கள் நகம் கடித்தார்கள், நான் பென்சில் சீவினேன். நேரம் முடிந்த மணி அடித்தது. என் கணக்குப்படி வட்டகொடையை விட்டுச் சற்றுத் தூரம்தான் வந்திருந்தேன். மேற்பார்வையாளர் தாளை என் கையிலிருந்து பிடுங்கவே வேண்டியிருந்தது.

முடிவு வந்தது. மீண்டும் தோல்வி. ரயில் வித்தையை முதன்முறையாக மனைவியிடம் விளக்கினேன்.

"ஏங்க, அந்தக் கோச்சி என்னைக்காச்சும் நேரத்துக்கு வந்திருக்கா? வட்டகொடையில எதிர்க் கோச்சிக்காக அர மணி நேரம் நிக்குது. தெனம் ஒங்க தேத்தண்ணிய மறுபடி சுடவைக்கிறவ நானு."

"முன்னமே சொல்லியிருக்கலாமே."

"அத வச்சுத்தான் பரீட்ச பழகுறீங்கன்னு நான் கனவா கண்டேன்? நேரத்துக்கு மணி அடிச்சதுக்கு இப்ப யாரு மேல கேஸ் போடப் போறீங்க?"

பிறகு என் புள்ளிகள் இருந்த முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தாள். எத்தனை கேள்வி எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"எழுதுனது முக்காவாசி சரியாத்தான் இருக்கும் போல. சரி, நாலாவதும் எழுதித் தொலைங்க. ஆனா கோச்சி வேணாம், பஸ்ல வாங்க."

எங்கள் பாதையில் ஓடும் தனியார் பஸ்கள் மீது ஆயிரம் புகார் உண்டு, மெதுவாகப் போகின்றன என்பது அதில் இல்லை. இரண்டு வாரமாக அதில்தான் பழகுகிறேன். வேகம் கூடியிருக்கிறது. மூன்றாம் விடைக் கட்டத்தில் வைக்கும் பென்சில் பாதை வளைவுகளில் ஐந்தாம் கட்டத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.