கார்பெட்டின் மேல் போட்ட பழி

எனக்கு நோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது ஐந்தாவது குரல்தான். அது வராமல் நின்றுவிட்டது.

நாங்கள் நால்வர். செல்வராசா அண்ணை, தபாற்காரராக இருந்த பீற்றர், பேக்கரியில் வேலை செய்யும் மனுவல், நான். பன்னிரண்டு வருடங்களாக ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் வியாழக்கிழமைகளில் பாடுகிறோம். பாபர்ஷொப் குவார்டெட் என்பார்கள். வாத்தியம் கிடையாது, ஆளுக்கொரு சுரம். நான்கும் சரியாகப் பொருந்திவிட்டால், யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே கேட்கும். அதற்காகத்தான் கொட்டும் பனியிலும் மல்வேர்னில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

அந்த வருடம் தேவாலயத்தார் அறைக்குப் புதுக் கார்பெட் போட்டார்கள். அதே நேரத்தில் ஐந்தாவது குரலும் காணாமற்போனது. கார்பெட் சத்தத்தை விழுங்குகிறது என்று நால்வரும் ஒருமனதாக முடிவுசெய்து, பக்கத்து ஊரான அஜக்ஸில் செல்வராசா அண்ணையின் கராஜுக்கு இடம் மாறினோம். காரை வெளியே விட்டுவிட்டுக் குளிரில் நடுங்கியபடி பாடினோம். அங்கும் அது வரவில்லை.

எங்கள் பாட்டில் தன் குரலைக் கவனிப்பவன் கெட்டான். மற்ற மூவரையும்தான் கேட்க வேண்டும். அப்படியே பழகியதால் என் தொண்டை கரகரத்தது எனக்கே தெரியவில்லை. என் மனைவி ரதிக்குத் தெரிந்தது.

“ஃபோனில வேற ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு. டொக்டரிட்டப் போங்கோ.”

நான் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். மூன்று மாதம் குடித்தேன். இதை வாசிக்கும் உங்களுக்குக் குரல் கம்மி சில வாரங்கள் கடந்திருந்தால், தயவுசெய்து என்னைப் போல இருக்காதீர்கள்.

தைரொயிட்டில் (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி) கட்டி. பயொப்சி (ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. சத்திரசிகிச்சை செய்யவிருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்.

“கட்டியை முழுசா எடுக்கலாம். நல்லா இருப்பீங்கள். ஆனா குரல்நாணுக்குப் போற நரம்பிலை ஒட்டிக்கொண்டிருக்கு. அதைக் காப்பாத்துறது கஷ்டம்.”

“அப்ப பாட ஏலுமோ?”

“கதைக்கலாம்” என்றார்.

“உயிரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டனீங்களோ? பாட்டைத்தானே கேட்டனீங்கள்!” என்று காருக்குள் ரதி ஏசினாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

கட்டி போயிற்று. வலது குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் குரலைவிடக் காற்றுத்தான் அதிகம் வந்தது. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு ஸ்ட்ரோவைத் தண்ணீரில் விட்டு, சத்தம் எழுப்பியபடியே ஊதச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் இருந்து மாதக்கணக்காகக் குமிழி விட்டேன். குரல் மெல்லத் திரும்பியது, ஆனால் கீழே இறங்கி வந்திருந்தது. நான் பாடியது எல்லாவற்றுக்கும் மேலான சுரம். அது இனி எட்டாது. மூன்று பேரை வைத்துக் குவார்டெட் நடத்த முடியாது. எனக்குப் பதிலாக ஆள் பார்க்கச் சொல்லிச் செல்வராசா அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

அவர் பாடியது பாரிட்டோன். மற்ற மூவரும் தங்கள் சுரங்களை எடுத்தபின் எஞ்சியிருப்பதைப் பாடும் இடம். அதை “மிச்சச்சோறு” என்று இத்தனை வருடமாக நக்கலடித்தவன் நான்.

“வேற ஆளோ? விசர்க்கதை கதைக்காதை. மேல்சுரத்தை நான் கள்ளக்குரலிலை, மெல்லிசா ஏத்திப் பாடுவன். நீ வந்து மிச்சச்சோத்தைத் தின்.”

கார்பெட் போட்ட அந்த நிலக்கீழ் அறைக்கே மறுபடி போனோம். முன்பெல்லாம் பாட்டின் கடைசிச் சுரத்தைப் பதினைந்து எண்ணும்வரை பிடிப்பேன். இப்போது ஏழுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் முதற்பாட்டின் முடிவில், எண்ணிக்கை ஆறைத் தொட்டபோது ஐந்தாவது குரல் தலைக்கு மேலே கேட்டது. பீற்றர் கண்ணை மூடிக்கொண்டார். ஏழில் என் மூச்சு அறுந்தது. மற்ற மூவரும் அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள்.

“பாவமடா கார்பெட்” என்றார் செல்வராசா அண்ணை.

படியேறும்போதும் ரதியோடு கதைக்கும்போதும் என் மூச்சின் நீளம் எனக்கு இப்போது தெரிகிறது. முன்பு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குறையென்று தோன்றவில்லை, என் அளவு என்றே தோன்றுகிறது. அதைப் பற்றி மற்றவர்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பாட்டுகள் எல்லாம் இப்போது ஏழில் முடிகின்றன.